முற்றத்தில் கேட்ட சத்தம்

தீராத வழக்குகள் – 14

அல்தோ பலும்போ வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். மிலான் நகரக் காவல் தலைமையகத்தில் நிருபர்களுக்கென்று ஓர் அறை உண்டு. குண்டு வெடித்த நாளிலிருந்து மூன்று நாட்களாக அந்த அறைதான் கதி. 1969 டிசம்பர் 15, நள்ளிரவை நெருங்கும் நேரம். முற்றத்துக்கு வந்தவரின் காதில் மேலே எதுவோ மோதுகிற சத்தம் விழுந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு கீழே, செடிகள் இருந்த பக்கம், கனமாக ஒன்று. ஓடிப்போய்ப் பார்த்தார். ஒரு மனிதர் கிடந்தார். உயிர் இன்னும் போகவில்லை. நான்காவது மாடியில் ஒரு ஜன்னலில் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

பலும்போ இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளேடான 'லுனிதா'வின் நிருபர். முதலில் போலீஸ்காரர்களைக் கூவி அழைத்தார். பிறகு சக நிருபர்களுக்குப் போன் போட்டார். அந்த மனிதர் எப்படி விழுந்தார் என்பதைக் கண்ணால் பார்த்த பத்திரிகையாளர் ஒருவரும் கிடையாது. காதால் கேட்டவர் இவர் ஒருவர்தான். இந்த வழக்கைப் பற்றி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதப்பட்டிருப்பதை அடுக்கினால் ஒரு நூலக அலமாரி நிரம்பும். அத்தனைக்கும் ஆரம்பம் இந்த மூன்று சத்தங்கள்.

சென்ற அத்தியாயத்தில் வங்கிக்குள் நடந்ததைப் பார்த்தோம். புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக நாலு வரி. டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை. மிலானின் துவோமோ பேராலயத்துக்குப் பின்புறம் பியாத்ஸா ஃபொன்தானா, அதாவது நீரூற்றுச் சதுக்கம். அங்கிருந்த தேசிய வேளாண் வங்கி, மற்ற வங்கிகள் கதவடைத்த பிறகும் வெள்ளிக்கிழமைகளில் திறந்திருக்கும். சுற்றுவட்டார விவசாயிகளும் தரகர்களும் வியாபாரிகளும் அந்தப் பெரிய வட்டக் கூடத்தில் கூடிப் பேரம் முடிப்பார்கள். நம்மூர்ச் சந்தை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை 4.37-க்குக் கூடத்தின் நடு மேசைக்கு அடியில் இருந்த குண்டு வெடித்தது. 17 பேர் இறந்தார்கள். 88 பேருக்குக் காயம். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ரோம் நகரில் மூன்று குண்டுகள் வெடித்தன. மிலானிலேயே இன்னொரு வங்கியில் ஐந்தாவது குண்டு வெடிக்காமல் கிடைத்தது. அதை அன்று மாலையே போலீஸார் வெடிக்கவைத்து அழித்துவிட்டார்கள். குண்டு வைத்தவன் தன் கைவேலையை முழுசாக விட்டுப்போயிருக்கிறான். ஒயரும் டைமரும் பையும் அப்படியே இருக்கின்றன. அதை ஏன் அழிக்க வேண்டும்? பாதுகாப்புக்காக என்றார்கள். இத்தாலியில் இன்றைக்கும் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்த ஆண்டின் கடைசி மாதங்களை இத்தாலியர்கள் 'சுடும் இலையுதிர்காலம்' என்று அழைக்கிறார்கள். ஆலைக்கு ஆலை வேலைநிறுத்தம், பல்கலைக்கழகங்களில் போராட்டம். மேற்கு ஐரோப்பாவிலேயே பெரிய கம்யூனிஸ்ட் கட்சி அங்கேதான் இருந்தது. நேட்டோ கூட்டணியில் இருக்கும் ஒரு நாட்டில் அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்துவிட்டால் என்ன ஆவது என்ற பீதி ஒரு சாராருக்கு. பக்கத்துக் கிரேக்கத்தில் 1967-லேயே ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. நம் நாட்டிலும் அப்படி ஒன்று நடந்தால் தேவலை என்று நினைத்தவர்கள் இத்தாலியில் சீருடையிலும் இருந்தார்கள், சீருடை இல்லாமலும் இருந்தார்கள். குண்டு வெடித்த அதே டிசம்பரில் லண்டன் 'அப்சர்வர்' இதழ் இந்தச் சூழலுக்கு ஒரு பெயர் வைத்தது: பதற்ற வியூகம். மக்களைப் பயமுறுத்து, பயந்தவர்கள் ஒழுங்கு வேண்டும் என்று கேட்பார்கள், கேட்டதைக் கொடு. பெயர் நிலைத்துவிட்டது. அந்த வியூகத்தை வகுத்தவர் யார் என்பதில்தான் சண்டை.

போலீஸுக்குச் சண்டை எதுவும் இல்லை. வெடித்த சில மணி நேரத்திலேயே அவர்கள் கை அனார்க்கிஸ்டுகள் பக்கம் நீண்டது. தமிழில் 'அராஜகவாதி' என்று எழுதினால் ரவுடி என்ற அர்த்தம் வந்துவிடுகிறது, அதனால் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறேன். அரசு என்ற ஏற்பாடே வேண்டாம் என்ற கொள்கைக்காரர்கள் இவர்கள். மிலானில் அவர்களுடைய முகங்களில் ஒன்று ஜுசெப்பே பினெல்லி. வயது 41. போர்த்தா கரிபால்தி ரயில் நிலையத்தில் வேலை, மனைவி லீச்சியா, இரண்டு பெண் குழந்தைகள். தலைமையகத்துக்கு வரச் சொன்னபோது போலீஸ் வண்டியில் ஏறாமல், தன் மொபெட்டில் அவர்கள் வண்டிக்குப் பின்னாலேயே போனவர்.

கூப்பிட்டவர்களில் ஒருவர் லூயிஜி கலாப்ரேசி. 32 வயது, அரசியல் பிரிவு அதிகாரி. நம்மூர் கியூ பிராஞ்ச் மாதிரியான பிரிவு. இருவருக்கும் ஏற்கெனவே பழக்கம் உண்டு. ஒரு கிறிஸ்துமஸுக்குக் கலாப்ரேசி பினெல்லிக்குப் புத்தகம் ஒன்றைப் பரிசளித்திருக்கிறார். வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் மரியாதை இல்லையே என்று பினெல்லியும் பதிலுக்கு ஒரு புத்தகம் கொடுத்தார். அது அமெரிக்கக் கவி எட்கர் லீ மாஸ்டர்ஸின் 'ஸ்பூன் ரிவர்' தொகுப்பு. ஓர் ஊரின் இடுகாட்டில் புதைந்திருப்பவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்கிற கவிதைகள். கொடுத்தவரும் வாங்கியவரும் இரண்டரை ஆண்டு இடைவெளியில் செத்துப்போனார்கள். இதைக் கதையில் எழுதியிருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லியிருப்பேன்.

சட்டப்படி பினெல்லியை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மூன்றாம் நாள் இரவும் அவர் உள்ளேதான் இருந்தார்.

அன்று பகலில்தான் துவோமோவில் இறுதிச் சடங்கு நடந்திருந்தது. லட்சக்கணக்கான ஜனம், சாம்பல் வானம், ஒரு கோஷம் கிடையாது. கலவரம் வரும் என்று எதிர்பார்த்தவர்கள் அந்த மௌனத்தைப் பார்த்துத் திகைத்துப்போனதாகப் பின்னாளில் பலர் எழுதியிருக்கிறார்கள். இரவில் பினெல்லி விழுந்தார், மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. விடியும் முன்பே காவல் தலைவர் மார்செல்லோ குயிதா நிருபர்களைச் சந்தித்தார்.

குயிதாவைப் பற்றி ஒரு தகவல். முசோலினி காலத்தில் வெந்தொத்தேனே தீவில் அரசியல் கைதிகளை அடைத்துவைத்த முகாமுக்கு இவர் இயக்குநராக இருந்தவர். அங்கே கைதியாக இருந்தவர்களில் ஒருவர் சாந்த்ரோ பெர்த்தீனி. 1969-ல் பெர்த்தீனி நாடாளுமன்றத்தின் கீழவைத் தலைவர். குண்டு வெடிப்புக்குப் பிறகு மிலான் வந்தவர், வரவேற்க நின்ற குயிதாவின் கையைக் குலுக்க மறுத்துவிட்டார்.

அந்தக் குயிதா அன்றிரவு சொன்னது இது: பினெல்லி மீது பலத்த சந்தேகம் இருந்தது, அவருடைய அலிபி நொறுங்கிவிட்டது, வேறு வழி தெரியாமல் குதித்துவிட்டார். தற்கொலையே ஒப்புதல் வாக்குமூலம் என்பது சொல்லாமல் சொன்ன செய்தி. குண்டு வெடித்த பிற்பகலில் தான் ஒரு பாரில் சீட்டாடிக்கொண்டிருந்ததாகப் பினெல்லி கூறியிருந்தார். அது நொறுங்கவே இல்லை, உண்மைதான் என்று பிறகு தெரிந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் மூவரைக் கவனிப்போம். 'லா ஸ்தாம்பா'வின் ஜாம்பவுலோ பன்சா, எழுத்தாளரும் பத்திரிகையாளருமான கொர்ராதோ ஸ்தயானோ, இவர்கள் இருவரும் நடுராத்திரியில் வீட்டு மணியை அடித்து எழுப்பிக் கூட்டிவந்த கமில்லா செதெர்னா. செதெர்னாவுக்கு அப்போது 58 வயது. 'லெஸ்பிரெஸ்ஸோ' வாரப் பத்திரிகையில் அவர் எழுதி வந்தது மிலான் சீமாட்டிகளின் உடை, விருந்து, வம்பு பற்றி. ஓபரா அரங்கில் யார் எந்த நகை போட்டு வந்தார் என்று நாலு வரியில் ஆளையே உரித்துவைக்கிற பேனா. க்ரைம் ரிப்போர்ட்டர்களுக்குப் போலீஸ் வேண்டும். நாளைக்கும் நாளன்றைக்கும் அதே படியேறித்தான் செய்தி வாங்க வேண்டும். செதெர்னாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உடையைப் பார்க்கிற கண்ணால் அதிகாரிகளின் முகங்களைப் பார்த்தார். யாருக்குக் குரல் தழுதழுத்தது, யார் யாரை முந்திக்கொண்டு பேசினார், எந்த வாக்கியம் மறுமுறை சொல்லும்போது மாறியது என்று குறித்துக்கொண்டார்.

மாறத்தான் செய்தது. அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர், அவர்கள் சொன்ன விதங்களும் ஒன்றாக இல்லை. தடுக்கப் பாய்ந்தபோது பினெல்லியின் ஷூ ஒன்று கையோடு வந்துவிட்டது என்றார் ஒரு போலீஸ்காரர். முற்றத்தில் பார்த்தவர்களோ இரண்டு காலிலும் ஷூ இருந்தது என்றார்கள். தாரியோ ஃபோ 1970-லேயே இதை நாடகமாக்கினார். மூன்று ஷூவைக் கேட்டு அரங்கம் சிரித்தது. லீச்சியா பினெல்லிக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருந்திருக்காது. கணவர் விழுந்த செய்தியை அவருக்குச் சொன்னது போலீஸ் அல்ல, நள்ளிரவு தாண்டிக் கதவைத் தட்டிய பத்திரிகையாளர்கள். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று தலைமையகத்துக்குப் போன் செய்து கேட்டபோது, நிறைய வேலை இருந்தது என்று பதில் வந்ததாகக் கடைசிவரை சொல்லிவந்தார்.

மறுநாள், டிசம்பர் 16. தேசியத் தொலைக்காட்சியில் ரோமிலிருந்து நேரலை. புரூனோ வெஸ்பா என்ற 25 வயது நிருபர், பியேத்ரோ வல்ப்ரேதாதான் குற்றவாளி, மிலான் படுகொலைக்குப் பொறுப்பானவர்களில் ஒருவர் என்று நாட்டுக்கு அறிவித்தார். சந்தேக நபர் என்று சொல்லவில்லை. வல்ப்ரேதா ஒரு பாலே நடனக்காரர், அனார்க்கிஸ்ட். ஆதாரம், ஒரு டாக்ஸி டிரைவர் அடையாளம் காட்டியது. வங்கிக்குக் கூப்பிடு தூரத்தில், நடந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடக்கூடிய இடத்தில் ஏறிய ஒருவர், வங்கி அருகே இறங்கிப் பையோடு போய் வெறுங்கையோடு திரும்பினார் என்பது டிரைவரின் கதை. அடையாள அணிவகுப்புக்கு முன்பே அவரிடம் வல்ப்ரேதாவின் போட்டோவைக் காட்டியிருந்தார்கள். அணிவகுப்பில் கூட நின்றவர்கள் போலீஸ்காரர்கள். ராத்திரி முழுக்கத் தூங்காமல், கலைந்த தலையோடு நின்றவர் ஒருவர்தான். ஆனால் பத்திரிகைகள் அதற்குள் 'மனித மிருகம்' வரை போய்விட்டன. வல்ப்ரேதா மூன்று ஆண்டுகள் விசாரணைக் கைதியாகக் கிடந்தார். அவரை வெளியே விடுவதற்கென்றே 1972 டிசம்பரில் ஜாமீன் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்துக்கு 'வல்ப்ரேதா சட்டம்' என்றே பெயர் விழுந்தது.

வெஸ்பா பிறகு இத்தாலியத் தொலைக்காட்சியின் மிகப் பெரிய முகமாக வளர்ந்தார். அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவரை விட்டபாடில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் யாராவது அந்தப் பதிவை மறுபடி எடுத்துப் போடுகிறார்கள். அவரை எளிதாகத் திட்டிவிட என்னால் முடியவில்லை. நானும் ஒரு நாளேட்டின் டெஸ்கில் இரவு ஷிப்ட் பார்த்தவன். எடிஷன் மூட இருபது நிமிடம் இருக்கையில் போலீஸ் தரப்பிலிருந்து வந்த தகவலை வைத்து, "குண்டுவெடிப்புக் குற்றவாளி சிக்கினார்" என்று ஆறு காலத்துக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறேன். 'சந்தேக நபர்' என்று போட்டால் தலைப்பு அடங்கவில்லை. ஏழெட்டு வருடம் கழித்து அந்த ஆள் விடுதலையான செய்தி உள் பக்கத்தில் நாலு வரி வந்தது. அதையும் எடிட் செய்தது நான்தான்.

செதெர்னா அந்த இரவை விடவில்லை. 1971-ல் 'பினெல்லி: படுகொலை மீது ஒரு ஜன்னல்' என்று பொருள்படும் தலைப்பில் அவருடைய புத்தகம் வந்தது. அடுத்த வருடம் இந்திரோ மொந்தனெல்லி, இத்தாலியப் பத்திரிகை உலகின் பீஷ்மர், செதெர்னாவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி நையாண்டி செய்தார். வரவேற்பறை வாசனையில் வளர்ந்தவளுக்கு இப்போது அனார்க்கிஸ்டுகளின் வியர்வை நாற்றம் பிடித்துப்போய்விட்டது என்ற தொனி. ஒரு பெண் தன் பகுதியைத் தாண்டி வந்துவிட்டாள் என்ற எரிச்சல் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. வேடிக்கை என்னவென்றால், அனார்க்கிஸ்டுகள் இதைச் செய்திருப்பார்கள் என்று மொந்தனெல்லியும் நம்பவில்லை.

ஆனால் செதெர்னாவின் தரப்பும் கறைபடாமல் வரவில்லை. 1971 ஜூனில் 'லெஸ்பிரெஸ்ஸோ'வில் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியானது. கலாப்ரேசியைப் பினெல்லியின் சாவுக்குப் பொறுப்பானவர் என்று சொல்லி, அவரையும் வேறு சில அதிகாரிகளையும் பதவியிலிருந்து நீக்கக் கோரிய கடிதம். கீழே 750-க்கும் மேற்பட்ட கையெழுத்துகள். எழுத்தாளர்கள், இயக்குநர்கள், பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள். உம்பெர்த்தோ எக்கோவின் பெயர் உண்டு, செதெர்னாவின் பெயரும் உண்டு. பன்சாவிடமும் நீட்டினார்கள். அவர் போட மறுத்தார். அதே நேரம் 'லோத்தா கொந்தீனுவா' என்ற தீவிர இடதுசாரி இயக்கத்தின் பத்திரிகை தொடர்ந்து கலாப்ரேசியைக் கொலைகாரன் என்று கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தது. 1972 மே 17 காலை, வீட்டு வாசலில் தன் காரை எடுக்கப் போன கலாப்ரேசி சுட்டுக் கொல்லப்பட்டார். மூத்த மகன் மாரியோவுக்கு இரண்டு வயது. 1988-ல் ஒருவர் கொடுத்த வாக்குமூலத்தின் பேரில் லோத்தா கொந்தீனுவா தலைவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. தலைவர் அத்ரியானோ சோஃப்ரி தனக்குத் தொடர்பில்லை என்றே மறுத்துவந்தார். அது தனி வழக்கு, தனிச் சண்டை.

1975-ல் நீதிபதி ஜெரார்தோ தம்ப்ரோசியோ பினெல்லி விவகாரத்தை முடித்துவைத்தார். கொலையும் இல்லை, தற்கொலையும் இல்லை. களைப்பு, பட்டினி, சிகரெட், மன உளைச்சல் எல்லாம் சேர்ந்து ஜன்னலருகே நிலைதடுமாறி விழுந்துவிட்டார் என்பது தீர்ப்பின் சாரம். அந்த நேரத்தில் கலாப்ரேசி அந்த அறையிலேயே இல்லை என்றும் அதில் இருந்தது. கலாப்ரேசிக்கு அது மூன்று வருடம் தாமதம். அந்த மயக்கத்துக்கு நீதிபதி கொடுத்த மருத்துவப் பெயரை இத்தாலியர்கள் இன்றும் கேலிக்குப் பயன்படுத்துகிறார்கள்.

குண்டு வைத்தது யார்?

திசை திரும்பியது வடகிழக்கில். நம் தேவாலயங்களில் பதுவை அந்தோணியார் என்கிறோமே, அந்தப் பதுவைதான் ஊர். அங்கே ஃப்ராங்கோ ஃப்ரேதா என்ற நவபாசிச வழக்கறிஞர். பக்கத்துத் த்ரெவீசோ வட்டாரத்தில் ஜொவான்னி வெந்தூரா என்ற பதிப்பாளர். வெந்தூராவின் நண்பரான ஒரு பள்ளி ஆசிரியர், குண்டு வெடித்த சில நாளிலேயே ஒரு வக்கீலிடம் போய், வெந்தூரா தன்னிடம் சொன்னவற்றைக் கொட்டிவிட்டார். த்ரெவீசோ நீதிபதி ஜங்கார்லோ ஸ்டிட்ஸ் அந்த நூலைப் பிடித்து இழுத்தார். பொலோன்யாவில் ஒரு கடையில் ஃப்ரேதா ஐம்பது டைமர்கள் வாங்கியிருந்தது தெரிந்தது. அல்ஜீரிய உளவுத்துறையின் கேப்டன் ஹமீது என்பவருக்காக வாங்கினேன் என்றார் ஃப்ரேதா. அந்தக் கேப்டனை யாரும் கண்டதில்லை.

பைகளின் கதை இன்னும் மோசம். குண்டுகள் வைத்திருந்த மாதிரியான ஜெர்மன் தயாரிப்புப் பைகள் நான்கை, குண்டு வெடிப்பதற்கு இரண்டு நாள் முன்பு பதுவையில் ஒரு கடையில் யாரோ வாங்கியிருக்கிறார்கள். பத்திரிகையில் பையின் படத்தைப் பார்த்ததுமே கடைக்காரர்கள் போலீஸுக்குச் சொன்னார்கள். தகவல் ரோமில் உள்துறை அமைச்சகம் வரை போனது. அங்கே கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்து, 1972-ல்தான் நீதிபதிகளின் கைக்கு வந்தது. அந்த மூன்று வருடமும் வல்ப்ரேதா ஜெயிலில் இருந்தார்.

இந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்த நிருபர்களுக்குச் சக பத்திரிகையாளர்கள் 'பிஸ்தரோலி' என்று பட்டம் வைத்தார்கள். 'பிஸ்தா' என்றால் தடம். தடம் முகர்ந்து திரிகிறவர்கள் என்று ஒரு இளக்காரம். மிலானின் 'இல் ஜோர்னோ' நிருபர் மார்கோ நொத்ஸா அந்த இளக்காரத்தையே மாலையாகப் போட்டுக்கொண்டார். அவர் இறந்து சில ஆண்டுகள் கழித்து, 2006-ல் வந்த நினைவுக் குறிப்புகளின் தலைப்பே 'இல் பிஸ்தரோலோ'. வழக்கை மிலானிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இத்தாலியின் கால்விரல் பக்கம் உள்ள கத்தன்சாரோவுக்கு மாற்றியபோது அவரும் மூட்டை கட்டிக்கொண்டு போனவர். மாற்றியதற்குச் சொன்ன காரணம் சட்டம் ஒழுங்கு. சாட்சிகளும் உறவினர்களும் வக்கீல்களும் ரயிலேறியே அலுத்தார்கள். பிரதமர் பதவியில் அமர்ந்தவர்களே கூண்டேறி, ஞாபகமில்லை, ஞாபகமில்லை என்றார்கள்.

நம் தொழிலுக்கே வெட்கக்கேடான ஒன்றும் அந்த வழக்கில் வெளிவந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான குயிதோ ஜன்னெத்தினி வலதுசாரிப் பத்திரிகைகளில் எழுதிவந்தவர். ராணுவ உளவுத்துறையிடம் சம்பளம் வாங்கிய ஏஜென்ட்டும்கூட. இதை 1974-ல் ஒரு வார இதழ்ப் பேட்டியில் போட்டு உடைத்தவர் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஜூலியோ அந்த்ரெயோத்தி. ஜன்னெத்தினியை நாட்டைவிட்டுத் தப்பவைத்ததும் அதே உளவுத்துறை. அதற்காக ஜெனரல் ஜனதேலியோ மலெத்தியும் ஒரு கேப்டனும் சிறு தண்டனை பெற்றார்கள்.

1979-ல் ஃப்ரேதா, வெந்தூரா, ஜன்னெத்தினி மூவருக்கும் ஆயுள் தண்டனை. 1981-ல் அப்பீலில் மூவரும் விடுதலை. உச்ச நீதிமன்றம், மறுவிசாரணை என்று சுற்றி, 1987-ல் விடுதலை உறுதியானது. 1969-ம் ஆண்டின் மற்ற குண்டுகளுக்காக, அதாவது ஏப்ரலில் மிலானிலும் ஆகஸ்டில் ரயில்களிலும் வைத்தவற்றுக்காக, ஃப்ரேதாவுக்கும் வெந்தூராவுக்கும் 15 ஆண்டு தண்டனை நின்றது. வங்கிக் குண்டு மட்டும் அந்தரத்தில். தொண்ணூறுகளில் நீதிபதி குயிதோ சல்வினி மறுபடி தோண்ட, வெனிஸ் பகுதியின் 'ஒர்தினே நுவோவோ' என்ற நவபாசிசக் குழு மாட்டியது. 2001-ல் ஆயுள் தண்டனைகள், 2004-ல் விடுதலை. முக்கியக் குற்றவாளி என்று சொல்லப்பட்ட தெல்ஃபோ சோர்சி அதற்குள் ஜப்பான் குடிமகனாகி வியாபாரம் செய்துகொண்டிருந்தார்.

2005 மே 3-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது விசித்திரத்திலும் விசித்திரம். இப்போது கிடைத்துள்ள சான்றுகளைப் பார்த்தால் ஃப்ரேதாவும் வெந்தூராவும்தான் பொறுப்பு. ஆனால் ஒருமுறை இறுதியாக விடுதலையானவர்களை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. அதோடு, வழக்குச் செலவைச் செத்தவர்களின் உறவினர்கள் கட்ட வேண்டும் என்றும் ஆனது. முப்பத்தாறு வருடம் கோர்ட் படியேறியவர்களுக்கு வந்த பில் அது.

அதற்குப் பிறகு இந்த வழக்கு நீதிமன்றத்தை விட்டுப் பத்திரிகையாளர்களின் கைக்கு மறுபடி வந்தது. இம்முறை பிள்ளைகளின் கைக்கு. இரண்டு வயதில் அப்பாவை இழந்த மாரியோ கலாப்ரேசி பத்திரிகையாளரானார். 2007-ல் அப்பாவையும் அம்மாவையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் கணக்குத் தீர்க்கவில்லை. நகரச் சுவர்களில் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் 'கொலைகாரன்' என்று எழுதியிருந்த வீதிகளில் வளர்வது எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறார். 2016-ல் அவர் 'லா ரெப்பூப்ளிகா'வின் ஆசிரியரானார். அந்த நாளேட்டை நிறுவியவர் எவுஜெனியோ ஸ்கால்ஃபரி, 1971 கடிதத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். மகன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான், 2017-ல், அந்தக் கையெழுத்து தவறு என்று ஸ்கால்ஃபரி எழுதினார். அப்போது அவருக்கு 93 வயது. கையெழுத்திட்ட இன்னொரு பத்திரிகையாளர் பவுலோ மியெலி அதற்கு முன்பே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தவர். செதெர்னா 1997-ல் இறந்துவிட்டார்.

பெனெதெத்தா தொபாகியின் அப்பாவும் பத்திரிகையாளர். 'கொரியேரே தெல்லா செரா'வின் வால்தெர் தொபாகி, 1980-ல் மிலான் வீதியில் இடதுசாரித் தீவிரவாதிகளால் கொல்லப்பட்டவர். மகளுக்கு அப்போது மூன்று வயது. இடதுசாரிகளின் தோட்டாவுக்கு அப்பாவைக் கொடுத்த அவர், வலதுசாரிக் குண்டின் வழக்கை எடுத்துக்கொண்டு கத்தன்சாரோ விசாரணை ஆவணங்களை வரி வரியாகப் படித்து 2019-ல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். செதெர்னாவிடம் இருந்த கோபம் இதில் இல்லை, பொறுமை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவுக்கு ஓடிப்போன ஜெனரல் மலெத்தியை ஜோகன்னஸ்பர்க்கில் தேடிப் போய் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தவர்களும் இளம் பத்திரிகையாளர்கள் மூவர். அவர்கள் 2010-ல் போட்ட புத்தகத்தின் தலைப்புக்கு, எங்களுக்குத் தெரிந்திருந்தது என்று பொருள். மலெத்தி 2021-ல் அங்கேயே இறந்தார். வெந்தூரா 2010-ல் பியூனஸ் அயர்ஸில் இறந்தபோது அங்கே உணவகம் நடத்திவந்தவர்.

2009 மே 9 அன்று குடியரசுத் தலைவர் ஜோர்ஜோ நப்போலித்தானோ இரண்டு விதவைகளை மாளிகைக்கு அழைத்தார். லீச்சியா பினெல்லியும் ஜெம்மா கலாப்ரேசியும் நாற்பது ஆண்டுகளில் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்துக் கை குலுக்கினார்கள். பினெல்லி ஒரு நிரபராதி, ஆதாரமற்ற சந்தேகத்துக்கும் பிறகு அபத்தமான ஒரு முடிவுக்கும் என்று இரண்டு முறை பலியானவர் என்ற கருத்தில் தலைவர் பேசினார். அந்த முடிவு எப்படி வந்தது என்பதற்குள் அவர் போகவில்லை. லீச்சியா 2024 நவம்பரில் தம் 96-வது வயதில் காலமானார்.

மிலானுக்குப் போகிறவர்கள் துவோமோவைப் பார்த்துவிட்டு இரண்டு நிமிடம் பின்புறம் நடந்தால் அந்தச் சதுக்கம் வந்துவிடும். நீரூற்றைச் சுற்றி இறந்தவர்களின் பெயர் பொறித்த 17 பதிகற்கள், 2019-ல் பதித்தவை. எதிர்ப்புறப் புல்தரையில் பினெல்லிக்கு ஒன்றல்ல, இரண்டு கல்வெட்டுகள். முதலாவது 1977-ல் மிலான் மாணவர்களும் ஜனநாயகவாதிகளும் வைத்தது. நிரபராதியான பினெல்லி காவல் தலைமையகத்தில் "கொல்லப்பட்டார்" என்று அதில் இருக்கிறது. 2006-ல் ஓர் இரவில் மாநகராட்சி அதைப் பெயர்த்துவிட்டுத் தன் சொந்தக் கல்லை நட்டது. கல் அதே மாதிரி, எழுத்து கிட்டத்தட்ட அதே மாதிரி. ஆனால் இதில் பினெல்லி "துயரமாக இறந்தார்". விஷயம் தெரிந்து அனார்க்கிஸ்டுகள் திரண்டு வந்து பழைய கல்லை மறுபடி நட்டார்கள். மாநகராட்சியின் கல்லை அவர்கள் எடுக்கவில்லை, இவர்களுடையதை மாநகராட்சியும் பிறகு தொடவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒவ்வொரு டிசம்பர் 12-ம் தேதியும் மாலை 4.37-க்குச் சதுக்கத்தில் கூட்டம் கூடுகிறது. கொண்டுவந்த பூவை எந்தக் கல்லின் முன் வைப்பது என்று, வருகிறவர்கள் தாங்களே முடிவு செய்துகொள்கிறார்கள்.

(தொடரும்)